வழுவும் வழுவமைதியும்

‘கோலார்’ என்று தேடினேன். குறைந்தது நாற்பது இடத்தில் வர வேண்டிய சொல் பதினேழு இடத்தில்தான் சிக்கியது. கோலார் தங்கவயலின் பாலகாட்டில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டுக்கொண்டிருந்தோம். பாதிக் கட்டுரைகள் பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியவை. மீதி கைபேசியில் அடித்து வந்தவை. கண்ணுக்கு எல்லாம் ஒரே கோலார்தான். கணினிக்கு அப்படி இல்லை. கைபேசிக் கோலாரில் ஓகாரம் ஒரே குறி. ஆக மொத்தம் ஆறு குறிகள். மாற்றி எடுத்த கோலாரில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி, ஏழு குறிகள். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. நான் வைத்திருந்த தேடுகருவிக்கு அந்த விதி எட்டவில்லை.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இது திறமூலம், குறை சொல்லவென்றே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். டெபியன் திட்டம் 1994 முதலும், மோசில்லா திட்டம் 1998 முதலும் இப்படி வருகிற வழு அறிக்கைகளை எண் போட்டு, யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கின்றன. நானும் எழுதினேன்: ‘தமிழில் தேடல் சரியாக வரவில்லை.’ மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘எனக்குச் சரியாகத்தான் வருகிறது.’ அதோடு அறிக்கையை மூடிவிட்டார்கள்.

அன்றைக்குக் கோபம்தான். பிறகு என் அறிக்கையை நானே படித்துப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது? ஒரு முனகல். நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, எந்தப் பதிப்பு — ஒன்றுமே இல்லை. ஊர் பெயர் தெரியாத ஒருவர் அதே குறையைத் தன் மேசையில் வரவழைத்துப் பார்க்க முடிய வேண்டும், அதற்குத்தான் அறிக்கை. இந்த முறையின் பெரிய பலம் இதுவென்றே நினைக்கிறேன். புகார் சொல்பவரைச் சாட்சி சொல்பவராக மாற்றிவிடுகிறது. மனு எழுதியே பழகிய நமக்கு இது லேசில் வராது. மனுவில் கஷ்டத்தைச் சொல்வோம். இங்கே கேட்பது தடயம்.

தடயத்தின் மதிப்புக்கு 2024 மார்ச்சில் நடந்ததே போதும். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், வேறொரு கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டிக்கொண்டே போனபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. அளந்ததையும் கண்டதையும் அப்படியே பொதுவில் எழுதினார். உலகத்துச் சர்வர்கள் பலவற்றுக்குள் அது போய் உட்காரும் முன் பிடிபட்டது.

இதைக் காட்டி, பார்க்கிற கண்கள் கூடினால் எந்த வழுவும் ஆழத்தில் ஒளியாது என்பார்கள். எரிக் ரேமண்ட் 1997-இல் முன்வைத்த கருத்து. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரில் விதியாகவே ஆகிவிட்டது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆள் இறங்கிய ஊர்க்காரனுக்கு, ஆழம் என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் போடுவது உறுத்துகிறது. உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 முதல் 2014 ஏப்ரல் வரை கிடந்தது. மூலநிரல் திறந்துதான் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. தமிழுக்கு வந்தால் சங்கடம் இன்னும் கூடுகிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஆயிரம் நிரலாளர்கள் உற்றுப் பார்த்தாலும், உடைந்த கோலாரை எவராலும் உடைந்தது என்று சொல்ல முடியாது. படிக்கத் தெரிந்த நம்மில் பெரும்பாலோர் வாசலுக்கே போவதில்லை. காரணம் சோம்பல் மட்டுமில்லை. வாசலில் நிற்பது ஆங்கிலம். எங்கள் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் திரும்புகிறவருக்கு, ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டு, கோப்பு இணைத்து அனுப்ப எங்கே பொழுது?

வாசலுக்கு உள்ளே இருக்கும் பராமரிப்பவர் பக்கமும் பேச வேண்டும். எங்கள் ஊர்ச் சுரங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சுரங்கச் சட்டம் 1952-இல் வந்தது. அதன்கீழ் இருந்த விதிகளின்படி வேலைத்தளத்தைச் சோதித்தவர் கண்டதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது, அபாயம் என்றால் ஆட்களை விலக்க வேண்டியிருந்தது. எழுதினால் கேட்க ஆள் இருந்தது, கேளாவிட்டால் சட்டம் இருந்தது. (காகிதத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.) திறமூலத்தில் யாருக்கும் யாரும் கடன்பட்டவரில்லை. எந்த உத்தரவாதமும் கிடையாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். பராமரிப்பவர் பலர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த இரவில் உட்காருகிறவர்கள். அவர்கள் வாசலில் குப்பையும் சேர்கிறது. கர்ல் என்ற திறமூலக் கருவியை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், பாதுகாப்பு ஓட்டையைச் சொன்னால் பரிசு என்ற திட்டத்தை 2019-இல் தொடங்கி, 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த, பார்வைக்கு அச்சு அசலாக இருக்கிற பொய் அறிக்கைகளைப் பிரித்தெடுத்தே அவர் குழுவினர் சலித்துப்போனார்கள். சாட்சியம்தான் இந்த முறையின் உயிர் என்றேன். சாட்சியத்தின் சாயல் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. என் முதல் முனகலாவது உண்மையாக இருந்தது.

‘பக்’ என்று பேசுகிறோம். எழுதும்போது ‘வழு’ என்கிறோம். இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். அங்கே வழாநிலை, வழு ஆகியவற்றோடு வழுவமைதி என்று மூன்றாவதும் உண்டு: தவறுதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. ‘திருத்தப் போவதில்லை’ என்ற முத்திரையோடு மூடப்படும் வழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம். இலக்கணக்காரர் அமைதிக்குக் காரணம் சொன்னார். இங்கே பல திட்டங்களில், சில மாதம் யாரும் பேசாத அறிக்கையை ஒரு தானியங்கியே மூடிவிடுகிறது, பேசாததே காரணம். பேச ஆள் குறைந்த மொழிகளின் வழுக்கள்தான் அதில் முதலில் அடிபடும். இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் முறை எழுதினேன். இரண்டு கோலாரையும் அடுத்தடுத்து ஒட்டி, ஒவ்வொன்றின் குறிகளையும் எண்ணோடு வரிசைப்படுத்தி, நான்கு வரி மாதிரிக் கோப்பும் வைத்தேன். மூடியதைத் திறந்தார்கள். பத்து நாள் கழித்து அதன் கீழே ஒரு வங்காளி வந்தார். அவர்கள் ஓகாரமும் இரண்டாக உடையக்கூடியதுதான். மாதிரிக்கு அவர் ஒட்டியிருந்த சொல் ‘சோனார்’. பொன்னாலான என்று பொருளாம். இன்னும் திருத்தவில்லை. நினைவு மலரை இரண்டு கோலாரையும் தனித்தனியே தேடித்தான் முடித்தோம்.