முன்பணத்துக்குப் பிந்திய கூட்டம்

சென்னை, கோவை, மதுரையில் தனியார் பள்ளிகள் பல பிள்ளைகளைச் சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று கூட்டிப் போகின்றன. போவதற்குமுன் ஒரு சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் நடக்கும். முதல்வர் சுருக்கமாக வரவேற்பார். டூர் ஏஜென்ட் திரையில் படம் போட்டுக் காட்டுவார். மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு உண்டு என்பார். அடுத்த தவணை எந்தத் தேதியில் என்பார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காபி கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

இந்தக் கூட்டம் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இன்று நடக்கிற விதத்தில், பெற்றோருக்கு விவரம் சொல்வதைவிட அவர்களிடம் சம்மதம் வாங்குவதற்கே அது அதிகம் பயன்படுகிறது. பெரும்பாலும் முன்பணம் கட்டி முடிந்த பிறகே அது கூடுகிறது. பணம் போய்விட்ட இடத்தில் கேள்வி கேட்பவர்களுக்குக் குரல் எழும்புவதில்லை.

அதன் பலத்தை முதலில் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி நாற்பது பேருக்கு நாற்பது விதமாகப் புரியும். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்றே தெரியாது. நேரில் கூடினால் ஒருவர் கேட்கும் கேள்விக்கு வரும் பதில், கேட்கத் தோன்றாத பத்துப் பேருக்கும் போய்ச் சேருகிறது. பயணக் காகித விஷயத்தில் இதன் அருமை தெரியும். இனிஷியலோடு வாழும் நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று பழக்கமில்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்ற தளர்வு சில நாளிலேயே வந்தது. ஆனாலும் இடைப்பட்ட நாள்களில் டிக்கெட் வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். பெரியவர்களுக்குப் போலவே பத்து ஆண்டு என்று நினைத்து, ஐந்தாம் வகுப்பில் எடுத்ததை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகக் குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் பொடியில் கசகசா கலந்திருந்தால், அந்த இரண்டு ஊரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். இப்படிப்பட்ட விவரங்களை ஒரு மணி நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட ஒரு கூட்டத்தால் முடியும். சுற்றறிக்கையால் முடியாது.

கூட்டம் விற்பனை மேடையாகும்போதுதான் கெட்டுப்போகிறது. ‘நாசா பயணம்’ இதற்கு நல்ல உதாரணம். பிள்ளையை நாசாவே தேர்ந்தெடுத்து அழைத்தது போன்ற எண்ணத்தோடு எத்தனையோ பெற்றோர் அரங்கத்தைவிட்டு வெளியே வருகிறார்கள். ஃப்ளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம் நுழைவுச்சீட்டு வாங்கும் யாருக்கும் திறந்திருக்கும் இடம்; நாசாவுக்காக அதை நடத்துவதும் ஒரு தனியார் நிறுவனம்தான். அங்கே போவது வீண் என்று நான் சொல்லமாட்டேன். சாட்டர்ன் ராக்கெட்டின் கீழே நிற்கும் ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்பதை யாரும் அளந்துவிட முடியாது. ஆனால் கடன் வாங்கி அனுப்பும் ஒரு தகப்பனுக்கு, இது சுற்றுலாவா தேர்வா என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமை பள்ளிக்கு இருக்கிறது. பணத்தைப் பற்றியும் அப்படித்தான். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், பிள்ளைக்குக் கிளம்பும் வாரத்தில் காய்ச்சல் வந்தால் எவ்வளவு என்பதை யாராவது கேட்டால்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்போடு சேர்த்துப் பிடிக்கப்படும் டிசிஎஸ் வரி பெற்றோரின் பான் எண்ணில் வரவானால், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக்கூடப் பல கூட்டங்கள் ஒதுக்குவதில்லை.

காகிதம் கொடுத்துவிட்டால் தகவல் சொன்னதாகிவிடுமா என்ற கேள்விக்கு அமெரிக்க வழக்கு ஒன்று விடை தருகிறது. 2007 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்ச்கிஸ் பள்ளி தன் மாணவர்களைச் சீன மொழி படிப்பதற்காகத் தியான்ஜின் நகருக்கு அனுப்பியது. அங்கிருந்து ஒரு நாள் பான்ஷான் மலைக்குப் போனார்கள். இறங்கும்போது பலரும் கேபிள் காரில் வர, 15 வயது மாணவி ஒருத்தியும் வேறு சிலரும் காட்டு வழியாக நடந்து இறங்கினார்கள். உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சல் அவளைப் பிடித்தது, பேச்சையே இழந்தாள். இந்தப் பயணத்துக்குமுன் பெற்றோருக்குத் தாள்கள் வராமல் இல்லை. பயண நிரலில் மலையின் பெயர் இருந்தது. அது காடு என்பது இல்லை. எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் பூச்சி விரட்டி இருந்தது, உதிரிப் பொருள்களோடு ஒன்றாக. உடல்நல அறிவுரைக்கென்று பள்ளி அனுப்பிய அரசு இணையச் சுட்டி, சீனாவுக்குப் பதிலாக மத்திய அமெரிக்காவுக்கான பக்கத்துக்குப் போனது. பொறுப்பு விலக்குப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். 2013இல் நடுவர் குழு 4.15 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. மாணவர்களை இப்படிப்பட்ட ஆபத்திலிருந்து காக்கும் கடமை பள்ளிக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது.

அது அபூர்வமான நோய். ஒரு பெற்றோர் கூட்டம் அதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கும் என்று நான் வாதாடமாட்டேன். ஆனாலும் பயண நிரலை ஒவ்வொரு வரியாக வாசித்து, ‘அங்கே என்ன இருக்கிறது? எப்படி ஏறுவார்கள், எப்படி இறங்குவார்கள்?’ என்று கேட்கும் வழக்கம் இருந்தால், காடு என்ற சொல் யார் வாயிலிருந்தாவது வந்திருக்கும். ஒரு தாய் அந்தச் சுட்டியை அங்கேயே செல்பேசியில் திறந்து பார்த்திருந்தால் தவறு அம்பலமாகியிருக்கும். கூட்டத்தின் பயன் இதில்தான் இருக்கிறது. பலர் ஒரே தாளை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் அது கூடுகிறது. நம் ஊர்க் கூட்டங்களில் தாள் கைக்கு வருவதே கையெழுத்துப் போடும் நேரத்தில்.

அரங்கத்தில் கேட்கவே முடியாத கேள்விகளும் உண்டு. பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு, இன்னும் தூக்கத்தில் சிறுநீர் கழிக்கிறான், மாதவிலக்கு நாள்களில் மிகவும் துவண்டுபோவாள் என்பவற்றை ஐம்பது பேருக்கு முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? ‘அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்’ என்று மைக்கில் அறிவிக்கும்போது, கணவரைப் பிரிந்து வாழும் ஒரு பெண் அதோடு எழுந்து போய்விடக்கூடும். பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே பிள்ளைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கலாம் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்தியிருக்கிறது. அதை அவர் காதில் தனியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரங்கத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, உடன் போகும் ஆசிரியை ஒருவரை உட்காரவைத்து, பெயர் எழுதாமலும் கேள்வி எழுதிப் போடலாம் என்று ஒரு பெட்டி வைப்பது பெரிய செலவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. தமிழக அரசு 2022இல் மாணவர்களை ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்த செய்தி. இதுபோன்ற பயணங்களில் பெற்றோருக்குப் பணக் கவலை இல்லை. ஆனால் நன்றியுணர்வே வாயைக் கட்டிவிடுகிறது. இலவசமாகக் கிடைத்ததைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். வீட்டிலேயே விமானம் ஏறும் முதல் ஆள் அந்தப் பிள்ளையாக இருந்தால், எதைக் கேட்பது என்பதும் தெரியாது. அங்கே ஆங்கிலத்தில் எழுதிய ஸ்லைடுகளைக் காட்டுவது கூட்டத்தை நடத்தாமல் இருப்பதற்குச் சமம். நல்ல தமிழில், பெற்றோர் கேட்காமல் இருக்கும் கேள்விகளை ஆசிரியர்களே கேட்டு, பதிலையும் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே கூட்டம் போட முடியாது என்பதற்குப் பள்ளிகள் சொல்லும் காரணம் முழுக்கப் பொய்யில்லை. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியாமல் விமானக் குழுக் கட்டணத்தை உறுதி செய்ய முடியாது, விலை ஏறிவிடும். ஆனால் பணம் வாங்காமலே விருப்பப் பெயர்களைப் பதிவு செய்துகொண்டு, கூட்டம் நடத்தி, அதற்குப்பின் ஒரு வாரம் கழித்து முன்பணம் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? நாலு பேர் விலகுவார்கள். அவர்கள் விலகுவது கூட்டத்தின் தோல்வி என்று பள்ளிகள் பயப்படுவது சரியில்லை.

கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்பதையும் மாற்ற வேண்டும். பிள்ளைகளோடு போகப்போகிற ஆசிரியர்கள் பல கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கே அறை ஒதுக்கீடு தெரியாது. எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இரவில் எந்த மாடியில் தங்குவார், செல்பேசி எப்போது பிள்ளை கையில் இருக்கும் என்பதை ஏஜென்ட் சொல்லக்கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும். காப்பீட்டு விஷயத்திலும் ஏஜென்ட்கள் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். ஷெங்கன் நாடுகளின் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதைக் கேட்காத நாடுகளுக்குப் போகும் குழுக்களின் பாலிசி என்ன தொகை தரும், எதற்குத் தராது என்பதைப் படித்துக் காட்டுவது அரிது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி இருக்கிறது: குழு ஊர் திரும்பும் நாளில் ஒரு பிள்ளை அங்கே மருத்துவமனையில் படுத்திருந்தால் கூடத் தங்கப்போவது யார், அவருடைய தங்கும் செலவையும் புதுப் பயணச்சீட்டையும் அந்தப் பாலிசி ஏற்குமா? ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று ஏஜென்ட் சொன்னால், ஓர் ஆசிரியரின் பெயரும் எண்ணும் எழுத்தில் வரும்வரை பெற்றோர் படிவத்தைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.