லீலாவதியும் நாற்பத்தைந்து வயதும்

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரை மணி நிலவரப்படி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். எந்த மாடி வரை தண்ணீர், எந்தப் படகு, எந்த ஃப்ரிட்ஜ் மிதந்தது... எல்லாம்.

அந்த 49 சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். மழைமானி, வெப்பமானி, காற்றுமானி இதெல்லாம் ஒரு காலத்தில் பெரும்பாலும் சீமையிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. 1948-க்குப் பிறகு புனாவில் உட்கார்ந்துகொண்டு, நூறு கருவிகளுக்குக் கிட்ட வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே தயாரிக்க வைத்தவர் அன்னா மணி. இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார்.

பலர் அவரை 'டாக்டர் அன்னா மணி' என்று எழுதுகிறார்கள். இல்லை. அவர் ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் தரமாட்டேன் என்று சொன்னது நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

கதை இதுதான். பீர்மேட்டுப் பெண். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ். 1940-ல் பெங்களூர் போய் சி.வி.ராமனின் பரிசோதனைச்சாலையில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உள்வாங்கி உமிழ்கின்றன என்று பார்ப்பது வேலை. ஃபோட்டோ தகட்டில் நிறமாலை பதிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராத்திரி சில சமயம் லேபிலேயே தூக்கம். தனி ஆளாக ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். 1945-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது பெங்களூர் ஆசாமிகளுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. இல்லை, அதனால் பிஎச்.டி. கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த பி.எஸ்ஸி.யை வைத்துத்தான் ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆராய்ச்சிக்கே சேர்த்திருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. (ராமனே ஆய்வேடு எழுதி பிஎச்.டி. வாங்கியவர் இல்லை. நோபல் பரிசுக்கு அது தடையாக இருக்கவில்லை.)

கவனியுங்கள், அந்த விதியில் 'பெண்' என்ற வார்த்தையே கிடையாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், 'லீலாவதி'ஸ் டாட்டர்ஸ்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 2008-ல் இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டது. ரோஹிணி கோட்போலே, ராம் ராமசாமி இருவரும் தொகுத்தது. ஏறக்குறைய நூறு இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகள். உயிரோடு இருந்தவர்களை அவர்களையே எழுத வைத்திருக்கிறார்கள். கோட்போலே பெரிய துகள் இயற்பியல்காரர். 2024 அக்டோபரில் காலமாகிவிட்டார். நல்ல மனசோடு செய்யப்பட்ட புத்தகம், நிறையப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும்.

முதல் குறை தலைப்பு. லீலாவதி யார்? பாஸ்கராச்சாரியாரின் மகள் என்பார்கள். அப்பா கல்யாண முகூர்த்தத்துக்கு நீர்க்கடிகாரம் வைக்கிறார். பெண் எட்டிப் பார்க்கிறாள். மூக்குத்தியோ எதுவோ, ஒரு முத்து உள்ளே விழுந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. முகூர்த்தம் தப்பி, கல்யாணம் நின்று, 'அழாதேம்மா, உன் பேரில் ஒரு கணக்குப் புத்தகம் எழுதுகிறேன்' என்கிறார் அப்பா. இந்தக் கதையும் 1587-ல் ஃபைஸி பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோதுதான் வருகிறது, பாஸ்கரருக்குச் சுமார் நானூறு வருஷம் கழித்து. கதை நிஜமென்றே வைத்துக்கொண்டாலும் லீலாவதி ஒரு கணக்கும் போட்டதாகத் தகவல் இல்லை. கல்யாணம் நின்றதற்கு ஆறுதல் பரிசு வாங்கியவர். பெண் விஞ்ஞானிகளுக்குக் குலமுதல்வியாக இவரா கிடைத்தார்?

இரண்டாவது குறை பெரியது. நூறு கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு ராகம் கேட்க ஆரம்பிக்கிறது. அப்பா படிக்கவைத்தார், கணவர் புரிந்துகொண்டார், மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பெண் என்பதால் எந்தக் கஷ்டமும் வரவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். ஓர் ஆண் விஞ்ஞானி தன் வரலாற்றில் மாமியாருக்கு நன்றி சொல்லி நீங்கள் எங்காவது படித்ததுண்டா? அவருக்கும் யாரோ குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது நன்றி சொல்லும் அளவுக்கு விஷயமாக அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

ஆபிரகாம் வால்ட் என்று ஒரு புள்ளியியல் மேதை. இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களில் எங்கெல்லாம் குண்டு துளைத்திருக்கிறதோ அங்கே தகடு வைத்துப் பலப்படுத்தலாம் என்றார்களாம். வால்ட், 'துளை இல்லாத இடத்தில் வையுங்கள். அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை' என்றாராம். (இந்த வால்ட் 1950-ல் இந்தியா வந்தபோது நம் நீலகிரியில் விமான விபத்தில் இறந்தது விதியின் விபரீத ஜோக்.) 'லீலாவதி'ஸ் டாட்டர்ஸ்' திரும்பி வந்த விமானங்களின் பட்டியல். சந்திரசேகரின் மனைவி லலிதாவும் பிரசிடென்சியில் இயற்பியல் படித்தவர்தான், ராமனிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்தான். 1936-ல் கல்யாணம். அதோடு இயற்பியல் முடிந்தது. அவருக்குக் கிடைத்தது கணவரின் வாழ்க்கை வரலாறுகளில் அன்பான சில பக்கங்கள். மறுபுறம் அன்னா மணி, தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்திரசேகருக்கு இப்படி ஒரு சாய்ஸ் வைக்கப்படவில்லை.

திரும்பி வராத விமானங்களைப் பார்க்க வேண்டுமானால் காலை ஏழரைக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் நிற்கலாம். மஞ்சள், வெள்ளை, நீலம் என்று காலேஜ் பஸ்கள் வரிசையாக வரும். வண்டலூர் பக்கம், படப்பை பக்கம், ஓ.எம்.ஆர். பக்கம். ஏறுகிறவர்களில் பாதி பேர் மாணவிகள். 2020-21 கணக்குப்படி இந்தியாவில் உயர்கல்வி படிப்பவர்களில் 49 சதவிகிதம் பெண்கள். ஆராய்ச்சி வேலையில் நேரடியாக இருப்பவர்களில்? 2018-ல் 16.6 சதவிகிதம். நடுவில் மிச்சப் பேர் எங்கே இறங்கினார்கள்?

அந்த பஸ்ஸின் முன் சீட்டுகளில் சிலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மாடம்பாக்கத்துக்காரர், வேதியியலில் பிஎச்.டி. இரண்டு குழந்தைகள், ஐந்து வருஷம் வீட்டில். பிறகு ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க சார், காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன் டீம் வந்தா கோலம் போடறதுக்கும் குத்துவிளக்குக்கும் நான்தான் இன்சார்ஜ். ப்ரொபோசல் எழுதறது ஆம்பளை ஸ்டாஃப். பேப்பர்ல என் பேர் மூணாவதா வரும்."

"நீங்களே தனியா போடலாமே?"

"போட்டேன் சார். இன்டர்வியூவில ஒரு பெரியவர் ரொம்ப அன்பா கேட்டார், 'சின்னக் குழந்தை இருக்கேம்மா, லேபுக்கு யார் வருவா?' அப்புறம் வயசைப் பார்த்தாங்க."

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயது வரம்பும் அவர் போட்டதில்லை.

வயதுக்கு வருவோம். நம் நாட்டில் விஞ்ஞானிகளுக்கான மிகப் பெரிய மரியாதையாக நெடுங்காலம் இருந்தது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு. 1958-லிருந்து. உச்ச வயது 45. முதலில் வாங்கிய பெண் அசீமா சட்டர்ஜி, 1961-ல். அடுத்தவர் அர்ச்சனா சர்மா, 1975-ல். பதினாலு வருஷம் ராமர்கூடக் காட்டில் இருந்தார். நம் ஊரில் படித்த கணித மேதை ராமன் பரிமளாவுக்கு 1987-ல் கிடைத்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்து, 2021 பட்டியலில் 11 பேர், 2022 பட்டியலில் 12 பேர், இரண்டிலும் ஒரு பெண்கூட இல்லை. 2021-ல் வாங்கியவர்களில் தரமணி கணித அறிவியல் நிலையத்தின் சாகேத் சௌரப் ஒருவர். நிஜமான சாதனையாளர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 45 என்ற எண்ணைத்தான் சொல்கிறேன். இருபத்தெட்டில் பிஎச்.டி. முடித்து, முப்பதிலிருந்து முப்பத்தாறு வரை பிரசவம், பால்பவுடர், எல்.கே.ஜி. அட்மிஷன் என்று போனால், 45-ல் ஆண் கைவசம் பதினேழு வருஷம். பெண் கைவசம் பதினொன்று. இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 'பாருங்கள், ஒரே விதி' என்கிறோம்.

சரி, விதி ஒன்றாக இருந்தால் மதிப்பீடாவது ஒன்றாக இருக்கிறதா? இதை ஸ்வீடனில் இரண்டு பெண்கள் சோதித்தார்கள், கிறிஸ்டீன் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட். ஸ்வீடன், அங்கே அப்பாக்களுக்கே பிள்ளை பார்க்க லீவு உண்டு. 1995-ல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு 114 பேர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார்கள், 62 ஆண்கள், 52 பெண்கள். கிடைத்தது 20 பேருக்கு. அதில் பெண்கள் 4. மார்க் ஷீட்டைக் காட்டு என்று கோர்ட் வரை போய் வாங்கிக் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற, பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. நம் ஊர்க் கமிட்டிகளின் மார்க் ஷீட்டையும் யாராவது இப்படி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

இங்கே எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. இடையில் வேலையை விட்ட பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. 2020-ல் 'பவர்' என்று பெண்களுக்கென்றே ஒரு நிதி. வெளி நிதி பெறும் ஆராய்ச்சித் திட்டங்களில் பெண்கள் பங்கு 2000-01-ல் 13 சதவிகிதமாக இருந்தது, 2016-17-ல் 24 ஆனது. நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் மூன்று வருஷப் பணம். மூன்று வருஷம் முடிந்ததும்? மறுபடி கேம்ப் ரோடு, மறுபடி பஸ்.

உச்சியிலும் கொஞ்சம் நகர்வு தெரிகிறது. 1942-ல் பிறந்த சி.எஸ்.ஐ.ஆருக்கு 2022-ல் முதல் பெண் தலைமை இயக்குநர்: நம் அம்பாசமுத்திரத்துக் கலைச்செல்வி, தமிழ் மீடியத்தில் படித்தவர். ஐ.ஐ.டி.க்கள் 1951-லிருந்து இருக்கின்றன. முதல் பெண் இயக்குநர் ப்ரீத்தி அகலாயம், 2023-ல், சென்னை ஐ.ஐ.டி.யின் கிளைக்கு. கிளை எங்கே? ஸான்ஸிபாரில். கடல் தாண்டித்தான் நாற்காலி கிடைத்திருக்கிறது. கடல் என்றதும் ஞாபகம் வருகிறது: பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் தினம் ஒரு லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. அந்தப் பணியில் முக்கியமானவர் பூர்ணிமா ஜாலிஹால், பின்னர் அந்தப் பிரிவுக்கே தலைவர். வேளச்சேரி–தாம்பரம் ரோட்டில் தினம் அந்தப் பக்கமாகப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

விதிகளை மாற்றவே முடியாதா என்றால், முடிகிறது. 2016-ல் யு.ஜி.சி. பிஎச்.டி. முடிக்கப் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகக் கொடுத்தது, 240 நாள் பிரசவ லீவும் சேர்த்து. புரட்சி, போராட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு அரசிதழ் அறிவிப்பு.

இந்த இடத்தில்தான் 2023-ல் வந்த இன்னொரு புத்தகம் பிடித்துப்போனது: 'லேப் ஹாப்பிங்'. ஆஷிமா டோக்ரா, நந்திதா ஜெயராஜ் இரண்டு பேரும் ஊர் ஊராக, லேப் லேபாகப் போய் எழுதியது. பத்திரிகைக்காரர்கள் என்பதால் 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்பதோடு விட்டுவிடாமல், எப்படி ஆள் எடுக்கிறார்கள், குழந்தையை எங்கே விடுகிறார்கள், புகார் கொடுத்தால் என்ன ஆகிறது என்று குடைகிறார்கள். நடை சில இடங்களில் ரிப்போர்ட் மாதிரி தட்டுகிறது, அத்தியாயங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம். ஆனால் இது விமானத்தின் துளையில்லாத பக்கத்தைப் பார்க்கிற புத்தகம்.

அன்னா மணி விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தன்னைப் பெண் என்பதால் பாதிக்கப்பட்டவராக அவர் பேசியதே இல்லை. ராமனின் லேபில் இருந்த பெண்களைப் பற்றி ஆராய்ந்த அபா ஸூர் போய்க் கேட்டபோதும் பிடிகொடுக்கவில்லை. அதே லேபில் ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதே ராமனுக்குப் பிடிக்காது என்பதையும் ஸூர் பதிவு செய்திருக்கிறார். நான் அன்னா மணியின் பிடிவாதத்தை மதிக்கிறேன். அதை வைத்து விதிக்கு நற்சான்றிதழ் கொடுப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

'லீலாவதி'ஸ் டாட்டர்ஸ்' போன்ற புத்தகங்களைப் பள்ளி ஆண்டுவிழாவில் மாணவிகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பொருத்தமான ஆள் அவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது. செலக்‌ஷன் கமிட்டியில் உட்காருகிறவர்களுக்கு, டீ பிஸ்கட்டுக்கு முன்னால், ஆளுக்கொரு பிரதி 'லேப் ஹாப்பிங்' கொடுக்கலாம். மாடம்பாக்கத்துப் பெண் இந்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுகிறார். வயது 43.