விலை இறங்கும், பில் இறங்காது

பத்து வருடத்தைத் தாண்டிய டீசல் கார் டில்லியில் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-ல் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அதற்குள் அங்கே நின்ற பென்ஸும் பிஎம்டபிள்யூவும் ஆடியும் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. தெற்கே இறங்கியவற்றில் சில, தேனி மாவட்டத்தின் போடியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் டிஎன் 60 நம்பர் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏலக்காய் வியாபாரி, திராட்சைத் தோட்டக்காரர், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தோடு ஊர் திரும்பியவர் என்று வாங்குபவர்கள் பலதரம். ஒரு காலத்தில் அரைக் கோடியைத் தொட்ட இ-கிளாஸ், இன்று புது வேகன்ஆர் விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது?

இந்த ஆசையைக் கேலி செய்வது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. நல்ல இரும்பு, நல்ல சீட், வளைவில் பிடித்து நிற்கும் சேஸிஸ், ஆறு ஏர்பேக். இவையெல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் காணாமல் போய்விடுவதில்லை. குமுளி ரோட்டில் எதிரே பஸ் திரும்பும்போது, புது சின்னக் காரைவிடப் பழைய பெரிய காரில் இருப்பதே மேல் என்று நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் ரிப்பேர் செலவு இறங்கவில்லை. ஒரு கன்ட்ரோல் ஆர்முக்கோ இன்ஜெக்டருக்கோ கம்பெனி விலை போடும்போது, நீங்கள் வண்டியை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை. எழுபது லட்சத்துக்கு மேல் கொடுத்து இன்றைக்குப் புது இ-கிளாஸ் எடுப்பவருக்கான விலைப் பட்டியலிலேயே உங்கள் பதினைந்து வருட வண்டியின் சாமானும் இருக்கிறது. வாங்கும்போது வேகன்ஆர், பட்டறைக்குப் போனால் பென்ஸ்.

இதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு கண்டுபிடித்திருக்கும் பதில், லோக்கல் மெக்கானிக். அந்தப் பதிலின் தகுதியைத்தான் எடைபோட வேண்டும்.

இங்கே வண்டி வேலையை வளர்த்தது மலை. விடியுமுன்னே கூடலூர், கம்பம், தேவாரம், போடியிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகள்தான் இந்த ஊர் மெக்கானிக்கின் பள்ளிக்கூடம். பழைய மகிந்திரா ஜீப்புகள் பலவற்றில் இருந்தது பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த டீசல் எஞ்சின். இன்னொரு சங்கதி, பென்ஸ் ஓட்டுபவர்களுக்கே பல சமயம் தெரியாதது: டெம்போ டிராக்ஸிலும் டிராவலரிலும் பஜாஜ் டெம்போ வைத்தது பென்ஸின் ஓஎம் 616 என்ற எஞ்சின். ஜெர்மனியில் டாக்ஸிக்காரர்கள் கொண்டாடிய 240டி காரில் இருந்தது அதே எஞ்சின்தான். நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், முழுக்க மெக்கானிக்கலான டீசல் பம்ப். கார்த்திகை மாதம் ஐயப்ப பக்தர்களைக் குமுளிக்கு ஏற்றிப்போன டிராவலரின் ஹெட்டை இறக்கி வால்வு தேய்த்த கை, அறிந்தோ அறியாமலோ பென்ஸ் வேலை பார்த்த கைதான். ஆகவே நட்சத்திரச் சின்னத்தைப் பார்த்துக் கம்பத்து மெக்கானிக் மிரள வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலும் மிரள்வதும் இல்லை.

240டி பற்றிப் பேசும்போதெல்லாம் கிரேக்க டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சசினிடிஸின் கதை வந்துவிடும். 1976-ம் வருடத்து வண்டியை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் ஸ்டுட்கார்ட்டில் உள்ள பென்ஸ் மியூசியத்துக்கே கொடுத்தார். "பென்ஸ் எஞ்சின் சாகாது" என்பதற்கு ஆதாரமாக இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த வண்டியில் ஒரே எஞ்சின் ஓடவில்லை. மாற்று எஞ்சின்களை வைத்துக்கொண்டு, முறை வைத்து இறக்கி ஏற்றி வேலை பார்த்துதான் அவர் அந்தத் தூரத்தைத் தொட்டார். எஞ்சினின் ஆயுளைவிட அதில் கூடுதலாகத் தெரிவது டிரைவரின் ஒழுங்கு.

பள்ளத்தாக்கின் திறமை எங்கே ஜொலிக்கிறது என்பதற்கு ஒரு பவர் ஸ்டியரிங் ஹோஸைச் சொல்லலாம். பதினைந்து வருடச் சூட்டில் ரப்பர் விரிந்து, ஆயில் வியர்த்து, ஒரு நாள் கொட்டும். கம்பெனி ஹோஸ் வர வாரக்கணக்கில் ஆகும், விலையும் கூசும். தேனியில் ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கும் கடைக்குப் பழையதை எடுத்துப் போகிறார்கள். இரண்டு முனையிலும் உள்ள இரும்பு ஃபிட்டிங்கை ரப்பரிலிருந்து அறுத்துப் பிரித்து, துருவைத் தேய்த்து, அதே அளவு ஹைட்ராலிக் ஹோஸை நீளம் பார்த்து வெட்டி, புது ஃபெரூல் மாட்டி, பிரஸ்ஸில் வைத்து நாலாபுறமும் சமமாக நசுக்குகிறார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். ஜேசிபியின் அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ், ஸ்டியரிங்கின் அழுத்தத்தைச் சிரமமில்லாமல் தாங்கும். இதை 'ஒப்பேத்தல்' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது பொறியியல்.

அதே கை ரேடியேட்டர் பக்கம் போகும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"அண்ணே, போடிமெட்டு ஏறும்போது முள்ளு மேலே போகுதா? வால்வைத் தூக்கிருவோம், சூடே ஏறாது." தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஜீப் காலத்து வைத்தியம். பழைய டீசலுக்கு அதனால் பெரிய கேடு வரவில்லை, கொஞ்சம் டீசல் கூடுதலாகக் குடித்ததோடு சரி. சென்சார் சொல்லைக் கேட்டு ஓடும் எஞ்சினில் கதை வேறு. தண்ணீர் சூடேறாதவரை எஞ்சின் இன்னும் குளிரில் இருப்பதாகத்தான் கம்ப்யூட்டர் நினைக்கும். எரிபொருளைக் கூட்டும், கரி சேரும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பூட்டிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில் பூட்டாமல் வழுக்கும். மார்கழிப் பனியில் போடிமெட்டில் நிற்கும்போது இதெல்லாம் கூடும். உண்மையில் அந்த வண்டி சூடானதற்குக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஃபேன் கிளட்ச் போயிருக்கும். அல்லது கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும். பிஎம்டபிள்யூவாக இருந்தால், சூடாகிக் குளிர்ந்து அப்பளமாய் நொறுங்கும் பிளாஸ்டிக் டேங்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். நோயைக் கண்டுபிடிக்காமல் காய்ச்சல் தெரியாதபடி செய்வதுதான் இங்கே நடக்கிறது. மீட்டரில் எரியும் ஏபிஎஸ் விளக்கின் பல்பைக் கழற்றிவிடுவதும் இதே வகை.

இதில் மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். கம்பெனிகளும் கை கழுவியிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 'ஆயுளுக்கும் போதும்' என்று பிஎம்டபிள்யூ சொன்னது. அந்தக் கியர்பாக்ஸைச் செய்து கொடுத்த இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. விற்றவரின் பேச்சில் 'ஆயுள்' என்றால் எவ்வளவு என்பதை, இரண்டாவது மூன்றாவது உரிமையாளர் கியர் உதறும்போது தெரிந்துகொள்கிறார். போடியிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் டார்க் கன்வெர்ட்டர் காய்ச்சும் ஆயிலை டில்லிச் சமவெளிக் கணக்கில் வைப்பது எப்படிச் சரியாகும்?

இறக்கம் இன்னும் மோசம். ஜீப்பில் இரண்டாவது கியரில் மெட்டு இறங்கிப் பழகிய அதே ஆள், ஆட்டோமேட்டிக் காரில் உட்கார்ந்ததும் லீவரை டி-யில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்குகிறார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சமாச்சாரம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினாலே தேறிவிட்டது என்கிறது தரக்கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த ஆயில், நான் பார்த்த அளவில், லீக் ஆனால் ஒழிய இந்தப் பக்கம் மாற்றப்படுவதே இல்லை. முழு வண்டியிலும் இதைவிட மலிவான சர்வீஸ் கிடையாது என்பதுதான் வேடிக்கை.

2002 முதல் 2006 வரை வந்த இ-கிளாஸை வாங்க நினைப்பவர்கள் எஸ்பிசி என்ற மூன்றெழுத்தை மறக்கக் கூடாது. மின்சாரத்தால் இயங்கும் பிரேக். பெடல் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று அதன் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். சுமார் 3 லட்சம் மிதியானதும், யூனிட்டை மாற்று என்று எச்சரிக்கும். ஒரு நாளைக்கு நூறு மிதி என்று வைத்தால் எட்டு வருடத்தில் தீர்ந்துவிடும், மெட்டு ஏறி இறங்குபவருக்கு நூறு பெரிய எண்ணிக்கையே அல்ல. யூனிட் கைவிட்டால் முன் சக்கரங்களில் மட்டும், பலமாக மிதித்தால்தான், பிரேக் பிடிக்கும். லேப்டாப்பை மாட்டி அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை பூஜ்யமானால் உள்ளே தேய்ந்த மோட்டார் புதிதாகிவிடாது. மலை மாவட்டத்தில் நான் எந்தச் சமாதானத்துக்கும் இடம் கொடுக்காத ஒரே வேலை இதுதான்.

ஏர் சஸ்பென்ஷனைப் பிடுங்கிவிட்டுச் சாதா ஸ்பிரிங் போடுவது பற்றி நான் இவ்வளவு கறாராக இல்லை. வண்டியின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டால் வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். எஸ்-கிளாஸின் மிதப்பு போய்விடும், அவ்வளவுதான். ரப்பர் பை வெடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைவிட அது மேல். சாமான் விஷயத்திலும் அப்படியே. நட்சத்திரம் அச்சடித்த பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே, பாஷ் போன்றவை கார் கம்பெனிகளுக்கே சாமான் செய்து கொடுப்பவை, அவற்றின் சொந்தப் பெட்டியில் விலை கணிசமாகக் குறையும். சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய சாமானும் கிடைக்கும்: கதவு, லைட், மிர்ரர், சீட் மோட்டார் என்றால் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்டவற்றை அங்கே தேடுவது தற்கொலை.

ஆக, கைத்திறன் இருக்கிறது, சாமானும் கிடைக்கிறது. பிறகு ஏன் இத்தனை கார்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தோட்டத்து ஷெட்டில் நிற்கின்றன? பணம் வரும் தாளத்துக்கும் வண்டி பணம் கேட்கும் தாளத்துக்கும் பொருத்தம் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. விலை ஏறிய வருடம் கார் வருகிறது, சரிந்த வருடம் ஆயில் சர்வீஸ் தள்ளிப்போகிறது. ஜீப் இதைப் பொறுத்துக்கொள்ளும். உடையும்வரை ஓட்டி, உடைந்த இடத்திலேயே நிறுத்தி, அங்கேயே சரிசெய்து கிளம்பலாம். சொகுசுக் காரில் ஒன்று போனால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஏர் பையில் சின்ன ஓட்டை விழுந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகும். கியர்பாக்ஸின் ஒரு சின்ன சீல் கசிந்தால், ஆயில் ஒயர் வழியாகவே ஏறிக் கம்ப்யூட்டர்வரை போகும். ஐந்நூறு ரூபாய் சீலைத் தள்ளிப்போட்டவர் ஐம்பதாயிரத்துக்குத் தயாராக வேண்டும். யாராவது என்னிடம் கேட்டால், வாங்கும் விலையில் பாதியைத் தனியே எடுத்து வைக்க முடியாதவர் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேட்டவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

அரசாங்கச் செலவும் சேர்த்தி. பதினைந்து வருடம் முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியானது என்றால் 80,000. இதற்கு மேல் தமிழ்நாட்டின் பசுமை வரி. புனேயில் பூட்டிய பென்ஸுக்கும் கப்பலில் வந்த பென்ஸுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது, ஆர்.சி.யில் தெரியும்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்றால், தொண்ணூறுகளின் இ-கிளாஸ் டீசலை இந்த ஊர் கைகளே காப்பாற்றிவிடும். ஒயரும் ரப்பரும் மாற்றினால் போதும். 2007 முதல் 2011 வரையிலான பிஎம்டபிள்யூ 320டி-யில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மாற்றியதற்கு பில் இல்லையென்றால் தொடக்கூடாது, கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொடவே முடியாது. எஸ்-கிளாஸ் பக்கம் மதுரையிலாவது சரியான ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் கைவசம் இருந்தால் மட்டும் போகலாம். எதுவானாலும் வண்டியைக் காலையில், முதல் ஸ்டார்ட்டில் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில்தான் ஏர் பை இறங்கியிருப்பதும், குளிரில் இன்ஜெக்டர் தட்டுவதும், தரையில் ஆயில் சொட்டியிருப்பதும் தெரியும். விற்பவர் ஏற்கெனவே எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால், பானெட்டைக்கூடத் திறக்காமல் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.