டிங் தேடிய டிரா

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டமான 14-வது சுற்று. ஆளுக்கு 6.5 புள்ளிகள். 54 நகர்த்தல்கள் முடிந்தும் கம்ப்யூட்டர் கணக்கில் ஆட்டம் சமம்தான். சவால் விடுத்த இந்தியாவின் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அதை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாத நிலை. அப்போதைய சாம்பியனான சீனாவின் டிங் லிரென் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், மறுநாள் டைபிரேக். வேக ஆட்டங்களில் அவர் கைதான் ஓங்கும் என்பதே பலரின் கணிப்பு.

55-வது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை எஃப்2 கட்டத்துக்கு இறக்கினார்.

வேறொன்றுமில்லை, ரூக்குகளை வெட்டிக்கொள்ள அழைத்தார். காய்கள் குறைந்தால் டிரா நெருங்கும் என்பது செஸ்ஸில் பாலபாடம். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நின்றது. ரூக்குகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்தால், மூலையில் இருப்பதற்குத் தப்பிக்க வழியில்லை. பிஷப்புகளும் வெட்டுப்படும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒரு சிப்பாய் உலகப் பட்டத்துக்குச் சமம்.

குகேஷும் இதை உடனே பார்க்கவில்லை. வேறொரு நகர்த்தலை ஆடவே கை போயிருந்ததாகப் பின்னர் அவரே சொன்னார். பிறகுதான் அந்த பிஷப் கண்ணில் பட்டது. கண்கள் விரிந்தன, முகம் மாறியது. தண்ணீர் குடித்தார், மூச்சை நிதானப்படுத்தினார், கணக்கைச் சரிபார்த்தார், அதன் பிறகே ரூக்கை வெட்டினார். 18 வயதில் அந்தச் சில நிமிடங்களைக் கையாண்ட விதம், ஆட்டத்தின் எந்த நகர்த்தலுக்கும் குறைந்ததல்ல. தான் செய்த பிழையை டிங் உணர்ந்ததும் எதிரே மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது; பட்டம் குகேஷுக்கு. உலக சாம்பியன்ஷிப்புக்கு இது தகுதியான முடிவா என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக் உள்பட சிலர் சாடினார்கள். அந்தச் சாடல் நியாயமில்லாதது. சில மணி நேரமாக, ஜெயிக்க முடியாததுபோல் தெரிந்த நிலையிலும் விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தவர் குகேஷ். 6-வது சுற்றிலும் இப்படித்தான்: ஒரே நிலையைத் திரும்ப ஆடி டிரா வாங்கிக்கொள்ள வழி இருந்தும், தன் பக்கம் சற்றுப் பலவீனமாக இருந்தும், மறுத்து ஆடினார். கணக்கு மட்டும் பார்ப்பவர் அங்கே கைகுலுக்கியிருப்பார். 'ஆடுவோம்' என்றது அவர் மனசு. எப்படி ஆடுவது என்பதை மூளை பார்த்துக்கொண்டது.

டிங்கின் கதை இன்னும் ஆழமானது. வெள்ளைக் காய் கையில் இருந்தும் 14-வது சுற்றில் அவர் காய்களை வெட்டி வெட்டி ஆட்டத்தை வற்றவைக்கப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது நிதானம், முதிர்ச்சி. உண்மையில் அது பயத்தின் கணக்கு. எஃப்2-வுக்கு வந்த ரூக்கும் அந்தக் கணக்கில்தான் வந்தது.

அவருக்குத் திறமை குறைவென்று யாரும் சொல்லிவிட முடியாது. 11-வது சுற்றில் தோற்றுப் பின்தங்கிய மறுநாளே, டிசம்பர் 9 அன்று, இதே வெள்ளைக் காய்களுடன் குகேஷை மூச்சுவிடவிடாமல் நெரித்து வென்று புள்ளியைச் சமன்செய்தவர் அவர். அன்று டிரா செய்தால் பட்டம் ஏறக்குறைய கைநழுவிவிடும் என்பதால் ஜெயிக்கவே உட்கார்ந்தார். மூன்று நாள் கழித்து, டிரா போதும் என்று உட்கார்ந்தார்.