மாணாக்கர் வழி நிலைக்கும் பெயர்: அஞ்சலி எழுத்து குறித்து ஒரு மதிப்பீடு

கையறுநிலைத் துறை, மறைந்தவனின் புகழோடு அவனை இழந்தோரின் நிலையையும் பாடுவது. அண்மைக்கால அஞ்சலிக் கட்டுரைகளும் பெரும்பாலும் இழந்தோரின் குரலாகவே அமைகின்றன. எழுத்தாளர் ஒருவர் மறையும்போது எழுதப்படும் அத்தகைய கட்டுரைகளில் அவருடைய படைப்பு எவ்விடம் பெறுகிறது என்பது ஆராயத்தக்கது. காவிரிக்கரையின் இரு ஆசிரியர்கள் இதற்குத் தக்க சான்றாவர்.

திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இன்று குத்தாலம் வட்டத்தில் அடங்கும் அவ்வூரிலேயே 1876 பிப்ரவரி 1 அன்று மறைந்தார். அவருடைய வரலாற்றை உ.வே.சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் செய்யுளைச் சொல்லச்சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதியமை, பாடம் சொன்ன முறை, பணமுடை, கிறித்தவரான சவேரிநாத பிள்ளை உடனிருந்து கற்றமை ஆகியன அந்நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளன. புகழுரையைக் காட்டிலும் இத்தகைய செய்திகளே 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க்கல்வியை அறிய உதவுகின்றன.

எனினும் பிள்ளையவர்கள் இன்று பலராலும் அறியப்படுவது உ.வே.சா.வின் ஆசிரியராகவே. மாயூரப் புராணமும் சேக்கிழார் பிள்ளைத்தமிழும் பாடியவர் என்பது பின்தங்கிவிட்டது. இதற்கு வாழ்க்கை வரலாறு மட்டும் காரணமன்று. உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889) பதிப்புகள் தமிழ்ப் புலமையின் நாட்டத்தைப் பழந்தமிழ் நூல்களின்பால் திருப்பின, தலபுராணங்கள் மதிப்பிழந்தன. ஆசிரியரின் பெயரைக் காத்த மாணாக்கரின் பெரும்பணியே, ஆசிரியரின் நூல்கள் மறக்கப்படுவதற்கும் ஒருவகையில் துணைபோயிற்று எனலாம்.

ந.முத்துசாமி 2018 அக்டோபரில் மறைந்தபோது இந்நிலை வேறு வடிவில் மீண்டது. மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள புஞ்சையில் பிறந்த அவர், 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர். அங்குப் பயின்று திரைப்படத்தில் புகழ்பெற்ற நடிகர்களின் ஆசான் என்ற அடையாளமே அன்று ஓங்கி ஒலித்தது. பிறந்த ஊரின் வாழ்வை ‘நீர்மை’ முதலிய கதைகளில் எழுதிய சிறுகதையாசிரியரும், அவ்வூர் இறைவனின் பெயரையே தலைப்பாக்கி ‘நற்றுணையப்பன்’ நாடகத்தை எழுதிய நாடகாசிரியரும் அந்தப் புகழின் பின்னே மறைந்தனர்.

மாணாக்கரின் நன்றியுணர்வு குறையன்று. ஆசிரியருக்கு அது பெருமையே. ஆனால் அந்நன்றி படைப்பின் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளும்போது, நினைவுகூர்தலே மறதியின் ஒரு வடிவமாகிவிடுகிறது. உ.வே.சா. இதனை உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. வரலாற்றை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் ஆசிரியரின் சிற்றிலக்கியங்களைத் திரட்டிப் ‘பிரபந்தத் திரட்டு’ என அச்சிட்டார். முதலில் நூல், பின்னர் வாழ்வு என்னும் அவ்வரிசை கவனத்திற்குரியது. மறைந்த எழுத்தாளரின் ஒரு நூலையேனும் வாசகரின் கையில் சேர்க்கிறதா என்பதே அஞ்சலிக் கட்டுரையை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.