வசைச்சொல்லும் தேவசாயலும்

நடையிற் பெண்மை தோன்றும் ஆண்மகனையும் தன்பாலீர்ப்புள்ளோரையும் 'ஒன்பது' என இகழ்வதை நாகமலை புதுக்கோட்டை வீதிகளில் நாம் கேட்கின்றோம். வேடிக்கைதானே என்பர் சிலர். 'ஐ' (2015) திரைப்படமும் திருநங்கையை வேடிக்கையாகவே காட்டிற்று. திருநங்கையர் சென்னையில் எதிர்த்தெழுந்தனர்.

மதுரைப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், 2021-இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையை வெளிப்படையாகக் கூறி, உளவியலாளரிடம் பாடங்கேட்டார். 2022-இல் தமிழ்நாடு அரசு கண்ணியமான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. நீதிமன்றம் கற்றதைத் திருச்சபை கற்க வேண்டாமா?

தன்பாலுறவுபற்றி நம்மிடையே கருத்து வேற்றுமையுண்டு. எனினும், தேவனைத் துதிக்கும் நாவே தேவசாயலுடைய மனிதரைச் சபித்தல் தகாது என்பதில் (யாக்கோபு 3:9, 10) வேற்றுமைக்கு இடமேது? விடுதியில் அச்சொல்லுக்கு நகைத்த மாணவர் நாளை ஆயராவார். அன்று, புண்பட்டவர் ஆறுதல் நாடி அவரிடம் வருவாரோ?