கரந்துறை சொல்லும் குறுக்கெழுத்தும்

குறுக்கெழுத்துப் புதிரை இலக்கியக் கட்டுரைகளின் வரிசையில் வைத்துப் பேசலாமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். சொல்லைக் கருவியாகக் கொண்டு, ஒரு நெறிக்கு உட்பட்டு, படிப்போர் உள்ளத்தை இயங்கச் செய்யும் எதனையும் இலக்கியத்தின் அண்டை வீட்டாராகவேனும் ஏற்றல் தகும் என்பது நம் கருத்து. அதிலும் இங்கிலாந்தில் வளர்ந்த ‘கிரிப்டிக்’ என்னும் மறைபொருட் குறுக்கெழுத்துத் தமிழராகிய நமக்கு ஒருவகையில் உறவுடையது. அவ்வுறவு எத்தன்மையது, எவ்விடத்தில் அற்றுப்போகிறது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குறுக்கெழுத்து அச்சேறியது அமெரிக்காவில். லிவர்ப்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் தம் முதற்கட்டத்தை வெளியிட்டார். அது நேர்ப்பொருள் கேட்கும் எளிய விளையாட்டு. அதற்குச் சூதும் வாதும் கற்பித்து வளர்த்தது இங்கிலாந்தே. 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் எழுதிய எட்வர்டு போவிஸ் மேத்தர்ஸ், ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவன் பெயராகிய ‘டார்க்குவிமாடா’ என்பதனைப் புனைபெயராகச் சூடிக்கொண்டார். வதைப்பதே நோக்கம் என்பதைச் சொல்லாமற் சொல்லும் பெயர்! 1939இல் அவர் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்த மக்நட் என்பாரும் மற்றொரு விசாரணைத் தலைவன் பெயரையே ‘ஸிமெனீஸ்’ எனப் பூண்டார். ஆயினும், வதைத்தலுக்கும் ஓர் அறம் உண்டென்று 1966இல் நூலே எழுதியவர் அவர். குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் நிற்றல் வேண்டும். எஞ்சிய பகுதி அவ்விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைக் கூறல் வேண்டும். மிகையாக ஒரு சொல்லும் ஆகாது. ஏமாற்றலாம், பொய் கூறலாகாது என்பதே அதன் சாரம்.

நம்மவர் இப்புதிரை அறிந்தது பெரும்பாலும் ‘இந்து’ ஆங்கில நாளிதழின் வாயிலாக. ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவரும் அதன்முன் திகைத்து நிற்பது ஏன்? அறியாத சொற்கள் மிகுதி என்பதனால் அன்று. அறிந்த சொற்களே வேறு வேடம் புனைந்து வருவதனால். ‘ஃபிளவர்’ என்றால் பூ என்றே நாம் படித்திருக்கிறோம். புதிரிலோ அது ‘ஃபுளோ’ என்னும் ஓடுதலிலிருந்து பிறந்து, ஓடுவதாகிய ஆற்றைக் குறிக்கும். கப்பலோட்டி என்றால் ‘டார்’. அரசி என்றால் ‘இ, ஆர்’. பொறியியற் படைவீரர் என்றால் ‘ஆர், இ’. 2022இல் எலிசபெத் அரசியார் மறைந்தும் அவருடைய ஈரெழுத்துகள் கட்டங்களில் இன்றளவும் ஆட்சி செலுத்துகின்றன. இது வாழும் ஆங்கிலம் அன்று. கப்பலும் கிரிக்கெட்டும் பட்டாளமும் நிறைந்த பழைய இங்கிலாந்தின் பொருட்காட்சிச்சாலை. கடலையே காணாத ஊர்களில் இருந்துகொண்டு கப்பலோட்டிக்கு நான்கு பெயர் மனனம் செய்தோர் நம்மிடையே உளர். அவ்வுழைப்பை நாம் எள்ளவில்லை. ஆனால் அதில் பாதியையேனும் நம் நிகண்டுகளுக்குச் செலவிட்டிருக்கலாம் என்னும் வருத்தம் எழாமல் இல்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருளுக்கே உரியது. புதிர் அமைப்போர்க்கு அதனினும் சிறந்த கைந்நூல் வேறு யாது?

இனி, தண்டியலங்காரத்தின் சொல்லணியியலுக்கு வருவோம். எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் புதுச்சொல் ஆக்குவது எழுத்து வருத்தனம். எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் பொருள் காண்பது அக்கரச் சுதகம். வினாக்களுக்குரிய விடைகள் கூடி ஒரு பெயராவது வினாவுத்தரம். ஒரு செய்யுளுள் மற்றொன்று ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். ஆங்கிலப் புதிரின் உத்திகளுள் பெரும்பாலனவற்றுக்கும் ஈண்டுப் பெயர் உண்டு.

இதனைக் கண்டதும், ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன’ என்று மேடையில் முழங்கும் ஆசை எழுகிறது. நாம் அதனோடு உடன்படவில்லை. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினார். அங்கே இரு பொருளும் ஒருங்கே ஒளிவிடும். இன்ன இரண்டுக்கு என்பதும் முன்னரே அறிவிக்கப்படும். கேட்போன் வியப்பதற்கு உரியவன். தேடுவதற்கு உரியவன் அல்லன். குறுக்கெழுத்திலோ ஒரு பொருள் மற்றொன்றை மறைக்கும் திரையாகிறது. திரையை விலக்குவது படிப்போன் கடமை. விலக்கக்கூடியதாக அமைப்பது ஆசிரியன் கடமை. இவ்வுடன்படிக்கைக்கு நம்மிடம் நெருங்கியது தொல்காப்பியம் கூறும் பிசி, அதாவது விடுகதை. அதிலும் எழுத்தை எண்ணிச் சரிபார்க்கும் வழி இல்லை. ஆகவே கருவிகள் நம்முடையவை, ஒப்பந்தம் அவர்களுடையது.

கருவியும் ஒப்பந்தமும் கூடினால் தமிழில் என்ன விளையும்? நாமே சில அமைத்துப் பார்த்தோம். ‘கைவிடச் சொல்லிச் சிரத்தைச் சேர்த்தால் சிறைவாசிக்குக் கிடைப்பது (4)’: விடு, தலை, விடுதலை. ‘திரும்பி வந்த சிவா, படி (2)’: வாசி. (படி என்றதும் அலுவலகத்தார்க்குப் பஞ்சப்படியே நினைவுக்கு வரும்; புதிர் அமைப்போன் விரும்புவதும் அதனையே.) ‘தலையற்ற குதிரை கடலில் எழுவது (2)’: திரை. ‘இடையிழந்த குதிரையே, நாய்போற் சத்தமிடு (2)’: குரை. ‘கலங்கிய நரகம் பேரூர் (4)’: நகரம்.

எல்லையூராகிய மீனாட்சிபுரத்தார்க்கு இவற்றில் கூடுதலான ஓர் இன்பம் உண்டு. மலையாளத்திலும் குதிர தலையிழந்தால் திர, அதாவது அலை. இடையிழந்தால் குர, குரைப்பு. இரு குறிப்புகளும் சிறு மாற்றத்துடன் எல்லை கடக்கின்றன. நரகமோ கடப்பதில்லை. தமிழில் ஒரே ககரம் ஈரொலிக்கும் நிற்பதால் நரகம் கலைந்து நகரமாகிறது. மலையாள எழுத்தில் அவ்விரு ககரங்களும் வேறுவேறு. வெள்ளம் என்று ஒருவர் கேட்டால் குடிநீரா பெருக்கா என்றும், பட்டி என்றால் ஊரா நாயா என்றும் நொடியில் தெளியும் நம் மக்கள், ஒரு சொல்லை இருமுறை பார்க்கும் பழக்கத்தை எவரிடமும் கற்க வேண்டியவர் அல்லர்.

தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்துகளோ பெரும்பாலும் நேர்ப்பொருள் கேட்டு நினைவாற்றலை மட்டும் சோதிக்கின்றன. அமெரிக்கத் தமிழரின் ‘தென்றல்’ திங்களிதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இக்குறை நீங்கியவை. மறைபொருள் நெறி தமிழில் இயலும் என்பதற்குப் போதிய சான்று. ஆனால் கட்டம் அமைப்பது எளிதன்று. தமிழில் உயிர்மெய் ஓர் அறை. புள்ளியெழுத்தும் ஓர் அறை. மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச்சொல்லும் தொடங்குவதில்லை. மகர மெய்யில் முடிவனவோ எண்ணில. ஆதலின் இடமிருந்து வலமாக ‘நகரம்’ என்று எழுதிய மாத்திரத்தில் அதன் கடைசி அறையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. மேலிருந்து வரும் சொல் ஒன்று அங்கே வந்து முடியவோ, கடந்து செல்லவோ செய்தாலன்றி அவ்வறை பயன்படாது. ஆங்கிலப் புதிர் அமைப்போர் அறியாத தொல்லை இது.